தம்பானூர் பக்கம் ஒரு ராக் சத்தம்: உங்களுக்குத் தெரியுமா?

தம்பானூரில் ரயிலையோ பஸ்ஸையோ விட்டு இறங்கும் தமிழர்களுக்குத் திருவனந்தபுரம் என்றால் பத்மநாபசுவாமி கோயில், சாலைக் கடைத்தெரு, ஆர்.சி.சி. ஆஸ்பத்திரி, கோவளம் கடற்கரை. மலையாள ராக் இசையின் முக்கியமான ரெக்கார்டு ஒன்றைத் தந்த குழு பிறந்ததும் இந்த ஊரில்தான் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரோ பேச ஆரம்பித்தால் வண்டி கிளம்பும்வரை நிறுத்த மாட்டார்கள். இந்த முறைத் துணுக்குகள் அந்தச் சிலரின் கட்சி.

● அந்தக் குழுவின் பெயர் 'அவியல்'. நாஞ்சில் நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உண்மையாகவே அதுதான் பெயர். 2003-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. ஆனந்தராஜ் பெஞ்சமின் பால், டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், நரேஷ் காமத், மிதுன் புத்தன்வீட்டில் ஆகியோர் வாசித்துப் பாடிய முதல் ரெக்கார்டு 2008-ல் குழுவின் பெயரிலேயே வெளிவந்தது. வெளியிட்டது 'ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ்' என்ற சிறிய நிறுவனம். மொத்தம் எட்டே பாட்டு. ஹீரோ கிடையாது, ஹீரோயின் கிடையாது, படம் கிடையாது. எலெக்ட்ரிக் கிடாரும் டர்ன்டேபிளும் சேர்ந்துகொள்ள, சுத்தமான நாட்டு மலையாளத்தில் பாட்டு.

அதுவரை கேரளத்து ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடின. மேடையில் இருப்பவர் லண்டன் உச்சரிப்புக்கு முயல்வார், கீழே இருப்பவர்கள் வார்த்தை புரியாமலே தலையாட்டுவார்கள். அவியல் வந்த பிறகு கீழே நின்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். ரசிகர்கள் இன்றும் அந்த எட்டுப் பாட்டை வரிசை மாறாமல் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

● அந்த எட்டில் என் ஓட்டு 'ஆடு பாம்பே'வுக்கு. எழுதியவர் யார் தெரியுமா? ஸ்ரீநாராயண குரு! திருவனந்தபுரத்தை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்த, கேரளத்தின் சாதிக் கட்டுமானத்தையே ஆட்டிவைத்த அதே குரு. அவருடைய 'குண்டலினிப் பாட்டு'க்குத்தான் அவியல் கிடார் சேர்த்தது.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு சுவை உண்டு. பாம்பை ஆடச் சொல்லி, அந்தச் சாக்கில் யோகத்தைச் சொல்லும் முறை நம் பாம்பாட்டிச் சித்தருடையது. குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதியிருக்கிறார், திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவருக்கு யோகம் சொல்லிக்கொடுத்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். தைக்காட்டில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்சியில் நிர்வாகப் பொறுப்பில் வேலை பார்த்தவர்! தைக்காடு எங்கே இருக்கிறது? தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சித்தர் மரபு, தைக்காட்டு யோகி, செம்பழந்தி குரு என்று கைமாறி வந்த ஒன்று 2008-ல் டிரம்ஸ் சத்தத்தோடு ஹாஸ்டல் அறைகளுக்குள் நுழைந்தது. கேட்ட பையன்களில் எத்தனை பேருக்கு இந்தப் பூர்வீகம் தெரியும் என்று கேட்டால், தெரியாமலேதான் ஆடினார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

● தைக்காடு என்றதும் இன்னொன்று. ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியும் அங்கேதான். 1939-ல் தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். மதுரை மணி ஐயர் கச்சேரியில் கூட்டம் கேட்டுக் கேட்டு வாங்கிய 'இங்கிலீஷ் நோட்'டை அமைத்தவர் இந்த முத்தையா பாகவதரே. மேல்நாட்டு மெட்டைக் கர்நாடக மேடையில் ஏற்றி, சபாவையே தாளம் போட வைத்த உருப்படி அது. அப்படிப்பட்டவர் தொடங்கிவைத்த பேட்டையில் ராக் குழு முளைத்ததை ஏதோ பண்பாட்டுச் சீரழிவு என்று யாராவது சொன்னால், அவரை ஒருமுறை அந்த 'நோட்'டைக் கேட்கச் சொல்லலாம்.

● ஓர் எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை பள்ளங்கள்? நூறு, ஆயிரம் என்று சொல்லத் தோன்றும். விடை: ஒன்று! விளிம்பில் தொடங்கி நடுவரைக்கும் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே நீளப் பள்ளம். நம்ப முடியாவிட்டால் தம்பானூர் பஸ் நிலையம் பக்கம் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுசுக்குள் போய்ப் பாருங்கள். தரை முழுக்க ஒரே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும், மேசைகள் வரிசையாக அதிலேயே. மசால் தோசையோடு பாடம் விளங்கிவிடும்.

● எல்.பி.யின் ஒரு பக்கத்தில் கடைசிப் பாட்டு பெரும்பாலும் மெதுவான பாட்டாக இருப்பதற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. நடுப்பகுதியில் வட்டம் சிறிது. அதே நேரத்துக்குக் குறைந்த நீளப் பள்ளமே கிடைக்கும். கூர்மையான உச்ச ஒலிகள் அங்கே மங்கும். எனவே ஆர்ப்பாட்டமான பாட்டை விளிம்பிலும் அமைதியானதை உள்ளேயும் வைப்பார்கள்.

● அவியலின் ரெக்ஸ் விஜயன் அதற்கு முன்னால் கொச்சியின் 'மதர்ஜேன்' குழுவில் கிடார் வாசித்தவர். பின்னால் சினிமாவுக்குப் போனார். 'சாப்பா குரிசு' (2011), '22 ஃபீமேல் கோட்டயம்' (2012), 'மாயாநதி' (2017) என்று அவர் இசையமைத்த படங்களின் பட்டியல் போகிறது. 'மாயாநதி' பாட்டை ரீல்ஸில் வைத்து உருகும் பிள்ளைகளுக்கு அதன் கிடார் எந்த மேடையிலிருந்து வந்தது என்று ஒரு பழைய ரசிகர் சொல்லித்தான் தெரிகிறது.

● 2011-ல் ஆஷிக் அபுவின் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் வந்த 'ஆனக்கள்ளன்' அவியலின் பாட்டு. சினிமா குழுவைத் தேடி வந்ததே தவிர, குழு சினிமாவைத் தேடிப் போகவில்லை.

● அவியலின் தொடக்க நாட்களில் கிடார் வாசித்தவர் திருச்சூர்க்காரர் ஜான் பி. வர்க்கி. 'கம்மட்டிப்பாடம்' (2016) படத்தில் அவர் இசையமைத்த பாட்டுகள் உண்டு. 2022 ஆகஸ்டில் காலமானார். கேரளத்துத் தனி இசைக் கலைஞர்களைக் கேட்டால் அவரை ஆசான் போலப் பேசுவார்கள். பொது ஜனத்துக்கு அவர் பெயர் கடைசிவரை தெரியவில்லை.

● கேரள ராக்கின் பெரியண்ணன் யார் என்றால் கொச்சியின் '13 ஏடி'. 1970களின் கடைசியில் தொடங்கி, ஓட்டல் மேடையில் வாசித்து வாசித்தே வளர்ந்த குழு. 1990-ல் வந்த 'கிரவுண்ட் ஜீரோ' அவர்களுடைய சொந்தப் பாட்டுகள் கொண்ட கேசட். அப்போது இன்டர்நெட் இல்லை, எஃப்.எம். இல்லை, தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன். அப்படியும் அந்தக் கேசட்டின் புகழ் நாடு முழுக்கக் கல்லூரி விடுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

எப்படிப் போனது? காப்பி போட்டுத்தான்! இரண்டு டெக் உள்ள டேப் ரெக்கார்டர் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் தெருவுக்கே முக்கியஸ்தர். ஒரு பக்கம் அசல், மறு பக்கம் காலி கேசட். காப்பியிலிருந்து காப்பி, அதிலிருந்து இன்னொரு காப்பி என்று நாலாவது தலைமுறையில் பாட்டைவிட நாடாவின் 'உஸ்' சத்தம் தூக்கலாக இருக்கும். மேலட்டைக்குப் பதில் நோட்டுத் தாளில் பால்பாயின்ட் பேனாவால் பாட்டு வரிசை. அந்தக் கையெழுத்தைப் பார்த்தே யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள். சட்டப்படி திருட்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திருட்டு நடக்காமல் இருந்தால் இந்தியாவில் பல குழுக்களுக்கு ரசிகர் என்று ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

● இந்திய ராக் ரசிகர்களுக்கென்று வந்த 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை மும்பையிலோ பெங்களூரிலோ தொடங்கவில்லை. 1993-ல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கினார். கங்கைக் கரையிலிருந்து கிடார் பத்திரிகை!

● மதர்ஜேனின் 'மக்தூப்' (2008) ரெக்கார்டில் பைஜு தர்மஜனின் கிடாரைக் கேட்டிருக்கிறீர்களா? ஸ்வரத்தை நேராக நிறுத்தாமல் கமகம் கொடுத்து இழுப்பார். கண்ணை மூடிக் கேட்டால் வீணைக்காரர் யாரோ ஆம்ப்ளிஃபயரில் வயரைச் செருகிவிட்டது போலிருக்கும். 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சாரங்' விழாவுக்கு ஸ்வீடனின் 'ஓப்பெத்' வந்தபோது அதற்கு முன் மேடையேறியது மதர்ஜேன். முன்னால் வாசிக்கும் குழுவைக் கூட்டம் பொறுத்துக்கொள்வதே பெரிது. இவர்களுக்கென்றே ஒரு பட்டாளம் அந்நாளில் தமிழ்நாட்டிலும் இருந்தது.

● பெங்களூரின் 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' குழுவின் பெயருக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு: தொடங்கும்போது இருந்தவர்களில் மூன்று பேர் முழு மலையாளி, ஒருவர் கால் மலையாளி!

● டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' குழுவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன 'கந்தீசா' (2000) எங்கிருந்து வந்தது? கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் பாடும் பழைய அரமேய மொழி வழிபாட்டுப் பாட்டிலிருந்து. அர்த்தம் தெரியாமல் லட்சக்கணக்கானோர் பாடிய பாட்டு. இதே குழு 2010-ல் தன் ரெக்கார்டின் பாட்டுகளை இணையத்தில் இலவசமாகவே கொடுத்தது.

● சினிமா இல்லாத ரெக்கார்டுக்கு ஜனங்கள் காத்திருப்பது திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. கே.ஜே. ஜேசுதாஸ் 1980-ல் இங்கே தொடங்கிய 'தரங்கிணி' ஓணம்தோறும் பாட்டுக் கேசட் வெளியிட்டது. 1983-ல் ஸ்ரீகுமாரன் தம்பி எழுதி ரவீந்திரன் இசையமைத்த 'உத்சவகானங்கள்' வந்தது. ஓணக்கோடி எடுக்கும் பட்டியலில் அந்த வருடத்துக் கேசட்டும் சேர்ந்துகொண்டது. ராக் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 'படம் இல்லாமலும் பாட்டு வாழும்' என்று இந்த ஊருக்கு முதலில் பழக்கியது அந்தக் கேசட்டுகள்தான் என்பது என் கட்சி.

● ராக் என்றாலே ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு: திருவனந்தபுரத்தின் 'கேயாஸ்' குழு 2013-ல் வெளியிட்ட 'வயலன்ட் ரிடெம்ப்ஷன்' த்ராஷ் மெட்டல் வகை. கண்ணூரின் 'தி டவுன் ட்ராடன்ஸ்' 2014-ல் தந்த முதல் ரெக்கார்டில் வட கேரளத்து நாட்டார் வாடையும் சேர்ந்திருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஹெட்ஃபோன் உத்தமம்.

● 2013-ல் 'கப்பா டிவி'யின் 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சி வழியே வெளியே தெரிந்த 'தைக்குடம் பிரிட்ஜ்' குழுவின் கோவிந்த் வசந்தாதான் பின்னால் நம் '96' படத்துக்கு இசையமைத்தவர். இந்தக் குழுவின் 'நவரசம்' 2015-ல் வந்த பாட்டு. ஏழு வருடம் கழித்து, 2022-ல் 'காந்தாரா' படத்தின் 'வராஹ ரூபம்' அதைப் போல இருப்பதாகச் சர்ச்சை கிளம்பி, விவகாரம் கோழிக்கோட்டு நீதிமன்றம் வரை போனது. படம் ஓடிடிக்கு வந்தபோது அந்த இடத்தில் பாட்டின் வடிவமே மாறியிருக்க, 'பழையதைப் போடுங்கள்' என்று படத்தின் ரசிகர்கள் கிளம்பினார்கள். பிறகு பழையதே திரும்பியது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது நம் வேலையில்லை. 2015-ல் கேட்காமல் விட்ட பலர் 2022-ல் 'நவரசம்' தேடிப் பிடித்துக் கேட்டார்கள் என்பதுதான் இங்கே செய்தி.

● சென்னைப் பக்கமும் ஒரு கணம் திரும்பலாம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியபோது குழுவில் 19 பேர். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். ரெக்கார்டு வருவதற்கு முன்பே மேடைப் பதிவுகள் போனுக்குப் போன் பரவிவிட்டன.

● வெளிநாட்டில் இந்தக் கதைகள் இன்னும் விநோதம். அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ரோட்ரிகஸ் 1970-ல் 'கோல்டு ஃபேக்ட்' என்று ஒரு ரெக்கார்டு போட்டார். சொந்த நாட்டில் சீண்டுவார் இல்லை. பாட்டை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அதே ரெக்கார்டு தென்னாப்பிரிக்காவில் வீடு வீடாக ஒலித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அங்கே இருந்தவர்களோ, அவர் மேடையிலேயே செத்துப்போனதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்! கடைசியில் ரசிகர்களே துப்பறிந்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். 1998-ல் தென்னாப்பிரிக்காவில் அவர் மேடையேறியபோது அரங்கம் நிரம்பியது. அந்தத் தேடலைச் சொன்ன 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படத்துக்கு 2013-ல் ஆஸ்கர் கிடைத்தது.

● 1997-ல் பிரிட்டனின் 'மாரில்லியன்' குழு, அமெரிக்கா வரப் பணமில்லை என்று சொல்லிவிட்டது. ரசிகர்கள் தாங்களே சுமார் 60,000 டாலர் வசூலித்துக் கொடுத்து வரவழைத்தார்கள். ருசி கண்ட குழு, 2001-ல் வெளிவந்த ரெக்கார்டுக்கு, ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே ரசிகர்களிடம் முன்பணம் கேட்டது. 12,000-க்கும் மேற்பட்டோர் கட்டினார்கள். இன்று 'கிரவுட் ஃபண்டிங்' என்று பெரிதாகப் பேசுவதன் முன்னோடி இதுவே. நம் ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரிப்பவர்கள் இதைக் கேட்டால் 'இதென்ன பிரமாதம்' என்பார்கள்.

● ஷெஃபீல்டு நகரத்தின் 'ஆர்க்டிக் மங்கீஸ்' பையன்கள் தங்கள் பாட்டை சி.டி.யில் ஏற்றி மேடையடியில் சும்மா கொடுத்தார்கள். வாங்கியவர்கள் இணையத்தில் ஏற்றினார்கள். 2006 ஜனவரியில் முதல் ரெக்கார்டு கடைக்கு வந்தபோது பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3.6 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இலவசமாகக் கேட்டவர்களே காசு கொடுத்தும் வாங்கினார்கள்.

● 1970, 71-ல் 'சிம்லா' சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடந்த 'சிம்லா பீட்' போட்டியில் வாசித்த இந்தியக் குழுக்களின் பாட்டுகள் இரண்டு எல்.பி.யாக வந்தன. அப்போது பெரிதாக யாரும் மதிக்கவில்லை. பின்னால் வெளிநாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் தேடியலைந்து, மறுபதிப்பும் வந்துவிட்டது. சிகரெட்டை மறந்துவிட்டார்கள், பாட்டு மிஞ்சியது.

● 2022 நவம்பரில், கோவளம் போகும் வழியில் உள்ள வெள்ளார் கைவினைக் கிராமத்தில் ஐந்து நாள் சர்வதேச இண்டி இசை விழா நடந்தது. சினிமாப் பாட்டு கிடையாது, சொந்தப் பாட்டு மட்டும் என்று ஐந்து நாள் ஓட்டினார்கள். சென்னையில் இப்படி ஒன்றை அரசு இடத்தில் யாராவது நடத்தினால் நன்றாயிருக்கும்.

● ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால், 2024 முதல் அதற்கு ஒரு பைசா உரிமைத்தொகைகூடக் கிடையாது. சின்னக் குழுக்களின் பல பாட்டுகள் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். 'பேண்ட்கேம்ப்' தளத்தில் பாட்டை விலைக்கு வாங்கினால் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணம் அனுப்பும் கட்டணம் போக மிச்சம் குழுவுக்கு. உங்கள் மகனோ மகளோ யாரும் கேள்விப்படாத குழுவின் பாட்டை 'ரிப்பீட்'டில் போட்டுக் கழுத்தறுத்தால் கோபப்படாதீர்கள். அந்த ஆயிரத்தை எட்டவைக்கும் வேலையாகக்கூட இருக்கலாம்.

● கடைசியாக ஒரு வேண்டுகோள். 80, 90களில் கல்லூரியில் படித்தவர்கள் வீட்டுப் பரணில் கேசட் பெட்டி இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கல்லூரிக் குழுக்கள் பதிவு செய்து நண்பர்களுக்கு மட்டும் கொடுத்த கேசட்டுகள் இணையத்தில் ஏறாமலே இருக்கின்றன. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் உடனே பிளேயரில் போடாதீர்கள், ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். நல்ல நிலையில் இருந்தால் முதலில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிறகு கணினியில் பதிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால், கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். அப்புறம் தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அது இறங்காது, பாட்டு அழியாது.